சன்னது இல்லாத வக்கீலும் கடமலைக்குண்டு வீராயியும்

1

கண்டிக்கும் ரங்கூனுக்கும் போனவர்கள் ஊருக்கு எழுதும்போது கப்பலில் குடல் புரண்ட கதையிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் கடல் தாண்டவில்லை; மலைதான் தாண்டினேன். கூடலூரில் விடியக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் குமுளிக் கணவாய் ஏறிவிடலாம். ஆனாலும் ஏறி முடித்த இடத்தில் வேறு ராஜா, வேறு காசு, வேறு வருஷக் கணக்கு. நமக்கு வைகாசி என்றால் இவர்களுக்கு இடவம். எல்லையில் சுங்கம் பார்க்கும் சவுக்கைச் சேவகன் உப்பும் புகையிலையும் இருக்கிறதா என்று என் மூட்டையைக் கிளறியபோது, துணியில் சுற்றி வைத்திருந்த பி.எல். பட்டம் அவன் கையில் அகப்பட்டது. விரித்து, தலைகீழாகப் பிடித்து, இதற்குத் தீர்வை உண்டா என்று உள்ளே இருந்தவரைக் கேட்டான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது வேண்டா, போகட்டே" என்றார்.

இந்த வைகாசியோடு அது நடந்து ஏழு வருஷம்.

இதை எழுதத் தூண்டியவர் உத்தமபாளையத்து நண்பர் மீரான் ராவுத்தர். சென்னையில் சட்டம் படித்தபோது நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். அவர் பெரியகுளம் கோர்ட்டில் வக்கீலாக நிலைத்துவிட்டார். போன மாதம் எழுதிய கடிதத்தில், "இங்கே கோர்ட்டு மரத்தடியில் இப்போது கட்சிக்காரர்களைவிட வக்கீல்கள் அதிகம். படித்து முடித்த பையன்கள் என்னிடம் வந்து, வக்கீல் தொழில் அல்லாமல் இந்தப் படிப்புக்கு வேறு என்ன வேலை உண்டு என்று கேட்கிறார்கள். உம்மைத் தவிர யாரைக் கேட்பேன்? எழுதும், அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்" என்று கேட்டிருந்தார்.

எங்களோடு படித்தவர்களில் ஒருவர் திண்டுக்கல்லில் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார். ஒருவர் ரிஜிஸ்தர் ஆபீஸில் பத்திரம் பதிகிறார். ஒருவர் ரங்கூனில் அரிசி மில்லுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒருவர் பாடுபட்டுப் படித்த எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குருமடத்தில் சேர்ந்தார். அவர்களுடைய கதை அவர்களுக்குத்தான் தெரியும். என் கதையை மட்டும் எழுதுகிறேன். அதில் நான் நல்லவனாக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

2

எங்கள் ஊரில் கோயில் மணிக்கு எழுந்து கோயில் மணிக்குப் படுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் அதிகம். என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் பி.எல். தேறிய செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் அதைப் பூசையில் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அந்தப் படிப்புப் படித்ததில்லை.

பெரியகுளத்தில் ஒரு பெரிய வக்கீலிடம் சேர்ந்தேன். இரண்டாம் வருஷம் மார்க்கையன்கோட்டை நிலத்துக்கு ஒரு வரப்பு வழக்கு வந்தது. எங்கள் பக்கத்துச் சாட்சி ஒரு கிழவர். அவருக்கு வரப்பைப் பற்றி எதுவும் தெரியாது. "அவரைத் தயார் பண்ணு" என்றார் பெரிய வக்கீல். ஐந்து நாள் அவரை எதிரே உட்கார வைத்து, புளியமரத்துக்குக் கிழக்கே எத்தனை அடி, மரத்தை நட்டது யார், எந்தக் கோயில் கொடை முடிந்து எத்தனையாம் நாள் என்று சொல்லிக்கொடுத்தேன். கூண்டில் அந்தக் கிழவர் அதைச் சொன்ன அழகில் முனிசீபே தலையாட்டினார். வழக்கு எங்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது.

தோற்றவன் கோர்ட்டுப் படியில் எனக்காகக் காத்திருந்தான். கோபப்படவில்லை. "வக்கீலய்யா, அந்தப் புளிய வச்சது எங்கப்பன். அது ஒங்களுக்கும் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டான்.

எனக்குத் தெரியும். அவனைச் சுற்றிக்கொண்டு படி இறங்கினேன். அதற்குப் பிறகு கோர்ட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போனேன். மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு, மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இங்கிலீஷும் தமிழும் எழுதத் தெரிந்த ரைட்டர் வேண்டுமாம் என்று கம்பத்துச் சந்தையில் கேள்விப்பட்டு, மனைவியையும் மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு கணவாய் ஏறினேன். தகப்பனார் வழியனுப்ப வரவில்லை.

3

தோட்டத்தில் எனக்கு 'பி.எல். ரைட்டர்' என்று பெயர். பாதி மரியாதை, பாதி கேலி.

விடியுமுன் கொம்பு ஊதுவார்கள். லயம் என்கிற கூலிக் குடியிருப்பு வரிசைகளில் இருக்கிற சனமெல்லாம் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும். நான் பேர் வாசிக்க வேண்டும். பிறகு ஆபீஸ். ஆள் பிடித்து வரும் கங்காணிகளுக்கும் கூலிகளுக்கும் துரைக்கும் நடுவே உடன்படிக்கைகள் எழுதுவதுதான் முக்கிய வேலை. எனக்கு முன்பிருந்த ரைட்டர் எழுதிய காகிதங்களில் ஆயிரம் ஓட்டை. நான் எழுதியவற்றில் ஒரு கூலிகூட நுழைந்து தப்ப முடியாது. துரைக்கு அதில் பெருமை. மற்றத் தோட்டத்துத் துரைமாரிடம் காட்டுவார். சென்னையில் ராத்திரி பகலாகப் படித்த ஒப்பந்தச் சட்டம் அங்கேதான் பயன்பட்டது.

நான் ஆபீஸிலேயே கிடந்த காலத்தில் பிள்ளைகள் வேறு பக்கமாக வளர்ந்தார்கள். மகன் சவரிக்குத் தமிழ் ஓரளவு நின்றது. இங்கே பிறந்த மகள் திரேசாவுக்கு அது நாக்கில் ஏறவே இல்லை. பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளோடு விளையாடி, மலையாளத்தில் சிரித்து மலையாளத்தில் அழுதாள். தண்ணீர் வேண்டுமென்றால் "வெள்ளம்" என்பாள். என் மனைவி அன்னம்மாள் முதலில் திருத்தினாள். பிறகு அவளே, "இந்தாத்தா வெள்ளம்" என்று கொடுக்க ஆரம்பித்தாள். ஊருக்குக் கூட்டிப்போன ஒரே தடவை, குடிக்க வெள்ளம் கேட்ட பிள்ளையை என் தங்கை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் முல்லையாற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது என்று காட்டியிருக்கிறாள். பிள்ளை தாகத்தில் அழுதது. ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

4

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆடி மாதம். விடாத மழை. எங்கள் தோட்டத்துக் கங்காணி ஒருவன் ஓடைக்கு மேலே போகிற ஒற்றையடிப் பாதையிலிருந்து விழுந்து, கீழே பாறையில் அடிபட்டு இறந்தான். அப்போது அந்தப் பாதையில் இருந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் வீராயி, கடமலைக்குண்டுக்காரி. இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் பெரியகருப்பனோடு மூன்றாம் லயத்தில் இருந்தாள்.

ஓடிவந்து சொன்னதும் அவள்தான். தோட்டத்துக்குள்ளேயே அவளுக்குக் காவல் போட்டார்கள். மழையில் பாதை அறுந்து கிடந்ததால் போலீஸார் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் லயத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த போலீஸார் மலையாளிகள். வாக்குமூலம் வாங்கினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சானது. கீழே மாஜிஸ்திரேட் கச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கச்சேரி இருக்கும் ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். "ரைட்டர், தோட்டத்தின் பேரில் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு கடிதம் வேண்டும். இறந்தவன் நல்ல வேலைக்காரன். அவள் அவனோடு முன்பே சண்டை போட்டவள்தானே? அதை எழுது" என்றார்.

அவள் சண்டை போட்டது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், விபத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் அவள் என் ஆபீஸ் சன்னலுக்கு வந்து நின்றாள். "ரைட்டரய்யா, அந்தக் கங்காணி போற வார எடமெல்லாம் பின்னால வாராக. கைய நீட்டுறாக. தொரைகிட்ட ஒரு சொல்லு சொல்லி வையுங்க" என்றாள். சொல்லுகிறேன் என்றேன். அன்றைக்குத் தபால் போக வேண்டிய நாள். அதோடு மறந்தேன்.

அந்தப் புகாரை நான் கடிதத்தில் எழுதியது இப்படி: 'பிரதிவாதிக்கும் இறந்தவருக்கும் முன்விரோதம் இருந்ததை ரைட்டராகிய நான் நேரில் அறிவேன்.' நல்ல வாக்கியம். ஓட்டையே கிடையாது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவள்தான் ஒப்புக்கொண்டுவிட்டாளே என்பது என் சமாதானம்.

5

நாலைந்து நாள் கழித்துப் பெரியகருப்பன் வந்தான். ஆபீஸ் வாசலில் மழையில் நனைந்தபடியே நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அய்யா, எம் பொஞ்சாதி கையே வைக்கலய்யா."

"அவளே ஒப்புக்கிட்டாளேப்பா."

"இல்லய்யா. மூணு தடவ கேட்டாகளாம். மூணு தடவையும் தள்ளித்தான் நின்னேன்னு சொன்னாளாம். வெலங்கு போட்டுக் கூட்டிப் போகையில எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா. அவுக பாஷ எனக்குப் புரியலய்யா. ஒங்களுக்குத்தான் சட்டமும் தெரியும், அவுக பாஷயும் தெரியும்."

"மாஜிஸ்திரேட்டு விசாரிப்பார். நிரபராதின்னா விட்டுருவார்" என்றேன். எல்லா வக்கீலும் சொல்வதுதான். அவன் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வாசலில் திரேசாவின் அழுகை. முழங்கால் முழுக்கச் சேறு. ஓடிவந்து, "அப்பா, அண்ணன் தள்ளி!" என்றாள்.

நான் கவனமில்லாமல், "தள்ளியா? எங்க தள்ளி இருக்கான்? கூப்பிடு, சாப்பிடட்டும்" என்றேன்.

பிள்ளைக்கு ஆத்திரம் வந்துவிட்டது. காலை உதைத்துக்கொண்டு, "அண்ணன் என்னெத் தள்ளி! தள்ளி!" என்று கத்தி, இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துத் தள்ளிக் காட்டினாள்.

கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தேன். நாம் தள்ளினான், தள்ளினேன் என்று வால் சேர்த்துச் சொல்வோம். மலையாளத்தில் அந்த வால் கிடையாது. 'தள்ளி' என்றாலே தள்ளியாயிற்று என்று பொருள். கடமலைக்குண்டுக்காரி விலகி நின்றேன் என்பதற்குத் தள்ளி நின்னேன் என்றிருக்கிறாள். எழுதியவர் காதில் என்ன விழுந்திருக்கும்?

"என்னங்க, மொகம் ஏன் இப்பிடிப் போச்சு?" என்றாள் அன்னம்மாள்.

நான் சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் திரேசாவின் முழங்காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்ப நீங்க இங்கன ஏன் ஒக்காந்திருக்கீக?" என்றாள்.

மறுநாளே மலை இறங்கிக் கச்சேரிக்குப் போனேன். வாக்குமூலத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். யார் நீர் என்றார் குமாஸ்தா. பி.எல். என்றேன். இந்த ராஜ்யத்தில் வழக்காட அனுமதிக்கும் சன்னது எங்கே என்றார். சென்னைப் பட்டம் என்றேன். அது மலைக்கு அந்தப் பக்கம் என்றார். கட்சிக்காரரின் உறவா? இல்லை. சாட்சியா? இல்லை. அப்படியானால் மனு எழுதும், அதற்கு இந்த ஊர் முத்திரைக் காகிதம் வேண்டும், அது இன்று இல்லை, வியாழக்கிழமை வரும் என்றார். விசாரணை புதன்கிழமை.

நான் திரும்பிப் படியிறங்கியபோது அவரே கூப்பிட்டார். "நில்லும். தமிழும் மலையாளமும் அறியுமோ? புதனாழ்ச்ச துபாஷி இல்லை. வருமோ?"

இரண்டு மொழிக்கு நடுவே நிற்கிற ஆள் வேண்டுமாம். வருகிறேன் என்றேன்.

6

கச்சேரி என்றால் ஓலை மாற்றி ஓடு போட்ட ஒரு நீள அறை. மழைச் சத்தத்தில் பேசுவது கேட்காது என்று சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் ஐம்பது வயதுக்காரர்; மலையாளி. இருமல் ஓயவில்லை. வழக்கு நடத்த ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். வீராயியை ஒரு சேவகன் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். பெரியகருப்பன் கதவோரம்.

எனக்குச் சத்தியம் வைத்தார்கள். சொன்னதைச் சொன்னபடி மாற்றுவேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், என் கருத்து எதையும் சேர்க்கமாட்டேன். வேத புத்தகத்தை முத்தமிட்டேன். அந்த நிமிஷத்தோடு என் வாய் கட்டப்பட்டுவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை வாசித்தார். அப்போதுதான் நான் அதைக் கேட்கிறேன்.

'நீ தள்ளியோ?' என்ற கேள்விக்கு, 'தள்ளித்தான்.'

'எத்தர?' என்ற கேள்விக்கு, 'நல்லாத் தள்ளி.'

'அயாள் வீழும்போழோ?' என்ற கேள்விக்கு, 'தள்ளி நின்னு பார்த்தேன்.'

நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. தள்ளி நின்றாயா என்று கேட்பதாக அவள் நினைத்திருக்கிறாள்; எழுதியவர் காதில் விழுந்ததோ வேறு. தள்ளினாயா? தள்ளினேன். எவ்வளவு? பலமாக. விழும்போது? தள்ளிவிட்டு நின்று பார்த்தேன். தூக்குக் கயிற்றுக்கு மூன்று முடிச்சு.

மாஜிஸ்திரேட் அவளைக் கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன்: "கங்காணியைக் கையால் தள்ளிவிட்டாயா?"

அவள் முகம் மாறிவிட்டது. "ஆத்தாடி! நானா? அவுகதான் கைய நீட்டிக்கிட்டு வந்தாக. நான் தள்ளி நின்னேன். எட்டிப் பிடிக்க வந்தவுக கால் வழுக்கி அங்கன விழுந்துட்டாக."

நான் மலையாளத்தில் மாற்றினேன்: அவர்தான் கை நீட்டி வந்தார், நான் விலகி நின்றேன், பிடிக்க வந்தவர் வழுக்கி விழுந்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "நிறுத்தணும். அவள் இப்போதும் தள்ளி என்றுதான் சொன்னாள். இந்தக் கச்சேரி முழுக்கக் கேட்டது. துபாஷி மாற்றுகிறார். துபாஷி எந்த ஊர் என்று கேட்கணும்."

மாஜிஸ்திரேட் கேட்டார். சொன்னேன்.

"அவளுடைய ஊருக்கு எவ்வளவு தூரம்?"

"ஒரு நாள் நடை."

இருமிவிட்டு என்னையே பார்த்தார். "நீர் சொல்வது அவள் சொன்னதா, அவள் சொல்ல வேண்டுமென்று நீர் நினைப்பதா?"

வாதம் பண்ண எனக்கு உரிமை கிடையாது. வக்கீலாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். அவளுக்கு நடப்பது எதுவும் புரியவில்லை; என் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னை நம்ப வேண்டாம்" என்றேன். "என்னை வெளியே அனுப்பிவிடுங்கள். நான் போனபிறகு கச்சேரியே அவளிடம் இரண்டே வார்த்தை சொல்லட்டும். தள்ளி நில்லு. கை காட்டாமல், கண் காட்டாமல். அவள் என்ன செய்கிறாள் என்று கச்சேரியே பார்க்கட்டும்."

இன்ஸ்பெக்டர் ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் கை காட்டி என்னைப் போகச் சொன்னார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வெளிவாசலில் போய் நின்றேன். கதவைச் சாத்தினார்கள். ஓட்டு நீர் தலையில் விழுந்தது, நகரத் தோன்றவில்லை. உள்ளே நடந்ததைப் பெரியகருப்பன்தான் பிறகு சொன்னான்.

மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்துத் தம்முடைய மலையாள வாயால், "தள்ளி நில்லு" என்றாராம். அவள் உடனே சேவகனை விட்டு நாலு அடி பின்னால் போய் நின்றாளாம். "இன்னும் தள்ளி" என்றாராம். முதுகு சுவரில் முட்டும்வரை போனாளாம். பிறகும் அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்க, பயந்துபோய், "இதுக்கு மேல எடமில்ல சாமி" என்றாளாம்.

என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டபோது அவள் சுவரோரமாகவே நின்றிருந்தாள். மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி விரித்தார். கங்காணியின் கால் வழுக்கிய தடம் ஓரிடத்தில் குறித்திருந்தது. அவள் போட்டுவிட்டு ஓடிய விறகுச்சுமை நன்றாக விலகி வேறோர் இடத்தில். வரைந்தவரே அதைக் கவனிக்கவில்லை. மாஜிஸ்திரேட் விரலை இங்கும் அங்குமாக வைத்துப் பார்த்தார்.

வழக்கு கைநழுவுவதைக் கண்ட இன்ஸ்பெக்டர் கடைசிக் காகிதத்தை எடுத்தார். "முன்விரோதத்துக்குச் சாட்சியம் உண்டு. தோட்டத்து ரைட்டரின் கடிதம்."

அது என் கடிதம். குற்றம் சாட்டப்பட்டவளுக்கு எதிரான எந்தக் காகிதத்தையும் அவளுடைய மொழியில் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. வாசிக்க வேண்டியவன் துபாஷி.

வாங்கினேன். 'பிரதிவாதிக்கும் இறந்தவருக்கும் முன்விரோதம் இருந்ததை...' அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் அல்லவா? "ஒனக்கும் கங்காணிக்கும் முன்னமே பகை. அது ரைட்டருக்கு நேரிலே தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்க வாசிக்கும்படி மாஜிஸ்திரேட் சொன்னார். உரக்க வாசித்தேன்.

இதற்கு உன் பதில் என்ன என்று அவளைக் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எழுதுனவுக இங்கனதான நிக்கிறாக. அவுகளையே கேளுங்க" என்றாள்.

சத்தியம் வைத்தவன் நான். சொன்னதைச் சொன்னபடி மாற்ற வேண்டும். மாற்றினேன். இதை எழுதியவர் இங்கேயே நிற்கிறார், அவரையே கேளுங்கள் என்கிறாள்.

மாஜிஸ்திரேட் கடிதத்துக் கையெழுத்தைப் பார்த்தார், என் பெயரைப் பார்த்தார். "துபாஷியாக நிற்க வேண்டாம். கூண்டுக்கு வாரும்" என்றார்.

கூண்டில் நின்று சொன்னேன். அவள் என்னிடம் வந்து கங்காணி தொந்தரவு கொடுப்பதாகப் புகார் சொன்னாள். நான் துரையிடம் சொல்லவில்லை. அந்தப் புகாரைத்தான் முன்விரோதம் என்று எழுதினேன். வேறு எந்தச் சண்டையும் எனக்குத் தெரியாது.

"பி.எல். படித்தவர் இல்லையா நீர்?" என்றார் மாஜிஸ்திரேட். அவர் கேட்டது இது ஒன்றுதான். பதில் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும், "ஆமாம்" என்றேன்.

சாயங்காலம் அவளை விடுதலை செய்தார்கள்.

7

நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது விஷயம் எனக்கு முன்னே மலை ஏறியிருந்தது. துரை சத்தம் போடவில்லை. வீட்டைக் காலி பண்ண ஒரு வாரம் கொடுத்தார். அன்னம்மாள் அதற்குள்ளேயே பானைகளைக் கட்டி வைத்திருந்தாள். ஊருக்குப் போய்விடலாமா என்றேன். "போயி? ஒங்கய்யா மொகத்துல முழிக்கவா?" என்றாள். சவரி மட்டும் சந்தோஷப்பட்டான். அவனுக்கு ஊரில் ஆற்றங்கரை இருக்கிறது.

கச்சேரி ஊரில் ஓர் அறை பிடித்தோம். ஒரு மாதம் சும்மா கிடந்தேன். பிறகு அந்தக் குமாஸ்தாவே தேடி வந்தார். ஆற்றுக்கு அணை கட்டுகிற வேலைக்கும் தோட்டங்களுக்கும் நம் பக்கத்துச் சனங்கள் மந்தை மந்தையாக ஏறி வருகிறார்கள். கச்சேரிக்கு நிரந்தரமாக ஒரு துபாஷி வேண்டுமாம். மாஜிஸ்திரேட் என் பெயரைச் சொன்னாராம். ஏன் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். வக்கீல்களுக்குக் கீழே, குமாஸ்தாவுக்கும் ஒரு படி கீழே நாற்காலி. வாதம் கிடையாது, கருத்துக் கிடையாது. சட்டம் தெரிந்திருப்பதால் எந்த வார்த்தையில் கயிறு இருக்கிறது என்று கொஞ்சம் முன்னாலேயே தெரிகிறது. அவ்வளவுதான் அந்தப் படிப்பின் பயன். ராவுத்தரே, பையன்களிடம் இதை மறைக்காமல் வாசித்துக் காட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

விடுதலையான மறுநாள் வீராயியும் புருஷனும் ஊருக்குக் கிளம்பினார்கள். சவுக்கையில் தொந்தரவு செய்யாமல் இருக்க நானும் கூடப் போனேன். வழி முழுவதும் அவள் முன்னால் நடந்தாள். பெரியகருப்பன்தான் என்னோடு பேசிக்கொண்டு வந்தான். குமுளியில் மழை விட்டிருந்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு ஈரம் காயாமல் கிடந்தது. "நீங்க இல்லாட்டி என்னாகியிருக்கும்ய்யா" என்று அவன் என் கையைப் பிடித்தான். கும்பிடச் சொல்லி அவளுக்குச் சைகை காட்டினான்.

அவள் கும்பிடவில்லை. சவுக்கைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று திரும்பினாள்.

"ரெண்டு நாளு லயத்துலதான கெடந்தேன். கதவு தொறந்துதான கெடந்துச்சு. அந்தக் காயிதம் எழுதுறதுக்கு முந்தி, அப்பவே வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லய்யா?"

கேள்வி தமிழில்தான் இருந்தது. அதை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி வேண்டியிருக்கவில்லை. அவள் தன் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். பிறகு இருவரும் இறக்கத்தில் இறங்கிப் போனார்கள்.